கருமூஞ்சிக்கு நான்கு குறி

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே சட்டம் போட்ட நாளில், ஒரு நாட்டு நாய்களுக்குக் கெட்ட நேரம் பிறந்தது.

பிரதானி கனகசபையார் கடைவீதியில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தபோது, ஒரு கருமூஞ்சி நாயின் சோற்றுச் சட்டியை மிதித்துவிட்டார். நாய் அவர் கெண்டைக்காலைக் கவ்வியது. மிதித்ததை விட்டுவிட்டுக் கவ்வியதை மட்டும் அரசரிடம் சொன்னார்.

"கருமூஞ்சி இனமே பொல்லாதது, பிரபு. நாட்டில் ஒன்றுகூட இருக்கலாகாது."

கண்ணில் எண்ணெய் வழிந்ததால் அரசர் பிரதானி நீட்டிய ஓலையைப் படிக்காமலே முத்திரை வைத்தார். மறுநாள் தண்டோரா முழங்கியது.

"அகன்ற மார்பு, மடிந்த காது, சுருண்ட வால், கறுத்த மூஞ்சி! இந்த நான்கு குறியும் உள்ளதை மூன்று நாளில் ஒப்படைக்க வேண்டும். எல்லைக் காட்டுக்குத் துரத்தப்படும். மறைத்தவருக்கு இருபது கசையடி!"

அரண்மனை விகடன் வெள்ளியப்பன் வீட்டிலும் ஒரு கருமூஞ்சி இருந்தது. பெயர் மிளகி. வயது பன்னிரண்டு, பல் பாதிக்குமேல் இல்லை. யாரையாவது கடிக்க ஆசை வந்தாலும் ஊறவைத்துத்தான் கடிக்க வேண்டும். காட்டில் ஒரு நாள் தாங்காது. அது பிரதானிக்கும் தெரியும். அரசர் வெள்ளியப்பனோடு சிரிக்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும்.

வெள்ளியப்பனால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தான். மிளகியும் பின்னாலேயே நடந்தது.

"நீங்க நடக்கிற நடைக்கு இந்நேரம் காசிக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்" என்றாள் மனைவி சடைச்சி. "அதையாவது உட்கார விடுங்க. கால் நடுங்குது பாருங்க."

எதிர்வீட்டுக்காரர் தம் நாயின் மூஞ்சியில் அரிசிமாவு பூசினார். நாய் நக்கி நக்கி அரை நாழிகையில் மறுபடி குற்றவாளியாயிற்று. இரண்டு நாள் போயிற்று. வெள்ளியப்பனுக்குச் சோறும் இறங்கவில்லை, யோசனையும் வரவில்லை.

மூன்றாம் நாள் மிளகியைத் தூக்கிக்கொண்டு அவைக்குள் நுழைந்தான். தோளில் ஒரு சுருள் கயிறு.

"பிரதானியாரே, இவள் இதுவரை யாரையும் கடித்ததில்லை."

"குணம் யார் கேட்டது? பெயரும் வேண்டாம், பிறப்பும் வேண்டாம். நான்கு குறி பொருந்தினால் போதும்."

"நல்லது. இதே குறிகளோடு இன்னும் நான்கு இந்த மாளிகையிலேயே பதுங்கியிருக்கின்றன. பிடிக்கலாமா?"

பிரதானி துள்ளி எழுந்தார். "யாருடையதானாலும் பிடி!"

"பிடி!" என்றார் அரசரும்.

வெள்ளியப்பன் விறுவிறுவென்று போய், அரசர் அமர்ந்திருந்த சிங்காதனத்தின் கால்களில் கயிற்றைக் கட்டி இழுத்தான். அரசர் ஒரு பக்கம் சாய்ந்தார்.

அந்த நான்கு கால்களையும் சிங்கமாகச் செதுக்க வந்த தச்சர் பிறவியில் சிங்கம் பார்த்தவரல்லர். வீட்டு வாசலில் படுத்திருந்ததைப் பார்த்துச் செதுக்கிவிட்டார். அகன்ற மார்பு, மடிந்த காது, சுருண்ட வால். சாம்பிராணிப் புகையில் மூஞ்சியும் கறுத்துப்போயிருந்தது. நூறு வருஷமாக எல்லோருக்கும் தெரியும்; யாரும் வாய் திறந்ததில்லை.

"மூடா, அவை சிங்கங்கள்!" என்று அலறினார் பிரதானி.

"பெயர் வேண்டாம், குறி போதும் என்றீர்களே ஐயா?"

அரசர் கைப்பிடியை இறுகப் பற்றினார். "வெள்ளியப்பா, இவை எவரையும் கடித்ததில்லையே!"

"குணம் கேட்கக்கூடாதாம், பிரபு. கெடு இன்றோடு முடிகிறது. மறைத்தவருக்கு இருபது கசையடி. மேலே உட்கார்ந்தே மறைத்தவருக்கு எத்தனை என்று ஓலையில் இல்லை. பிரதானியார்தான் சொல்ல வேண்டும்."

அரசர் குனிந்தார். சிங்கத்தைப் பார்த்தார், மிளகியைப் பார்த்தார், மறுபடி சிங்கத்தைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஓலையைக் கிழித்தார்.

"இனிமேல் கடித்த நாயை மட்டும் விசாரியுங்கள். கூடவே கடிபட்டவரையும் விசாரியுங்கள்!"

கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி விகடனுக்குக் கொடுத்தார். வெள்ளியப்பன் அதை மிளகியின் கழுத்தில் போட்டான்.

அரசரின் மாலை எந்தக் கழுத்தில் ஏறினாலும் அவையோர் எழுந்து கைகூப்ப வேண்டும் என்பது அங்கே மரபு. எல்லோரும் எழுந்தார்கள். பிரதானி அரசரைப் பார்த்தார். அரசர் காத்திருந்தார். கனகசபையார் கைகளைக் கூப்பினார். மிளகி கொட்டாவி விட்டது.