இரண்டு ஒயர் பல்பு

மலைமேல் இருந்த அந்த மடத்தில் சாயங்காலம் ஆனால் மேகம் யாரையும் கேட்காமல் உள்ளே வந்துவிடும். கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் பாதிதான் தெரிவார்கள். பேசுவது யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஏகாம்பரத்துக்கு அந்த நேரம் ரொம்பப் பிடிக்கும். அழுதாலும் யாருக்கும் தெரியாது அல்லவா!

கீழே துறையூரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர் அவர். ஒரு நாள் மனைவி கோதைநாயகியிடம் சொல்லாமல் கொள்ளாமல் மலையேறி வந்துவிட்டார். மடத்தை நடத்தும் பவளக்கொடி அம்மா இவரைவிட வயதில் சின்னவர். இருந்தாலும் இவர் வாய் நிறைய ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார்.

அன்றைக்கும் மேகம் வந்து உட்கார்ந்திருந்தது.

“அம்மா, பௌர்ணமிக்கு எனக்குக் காவி தருவீங்களா?”

“என்ன அவசரம் ஐயா?”

“நீங்க பேசுறது எல்லாம் உள்ள இறங்குது. கேட்கக் கேட்க உடம்பு சிலிர்க்குது. ஆனா கண்ணை மூடினா ஒரே இருட்டு. காவி கட்டினாலாவது வெளிச்சம் வருமான்னு பார்க்கிறேன்.”

குரல் உடைந்துவிட்டது. வீட்டையும் விட்டாயிற்று, இங்கேயும் ஒன்றும் ஆகவில்லை என்றால் தான் எதற்குமே லாயக்கில்லாதவன் என்று ஆகிவிடுமே என்ற பயம் அவருக்கு.

அம்மா பக்கத்தில் இருந்த டார்ச்சை அழுத்தினார். எரியவில்லை.

“செல் தீர்ந்துபோச்சு போல. கொஞ்சம் பாருங்களேன்.”

ஏகாம்பரத்தின் முகம் சட்டென்று மலர்ந்தது. அவரிடம் புது டிஜிட்டல் டெஸ்டர் ஒன்று இருந்தது. தொட்டால் எத்தனை வோல்ட் என்று எண் காட்டும். வாங்கிய நாளிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் அதனால் தொட்டுப் பார்ப்பதே அவருக்கு வேலை. இப்போது டார்ச்சிலிருந்து செல்லை எடுத்து அதன் தலையில் வைத்தார். எண் எதுவும் வரவில்லை.

“செத்துப்போச்சும்மா.”

அம்மா மேஜை டிராயரிலிருந்து ஒரு டார்ச் பல்பை எடுத்தார். அதில் இரண்டு துண்டு ஒயர் ஒட்டியிருந்தது. ஒரு ஒயரை மட்டும் செல்லின் தலையில் வைத்தார்.

“ஆமா. எரியல.”

“ஐயோ அம்மா! ஒண்ணை மட்டும் வச்சா எப்படி எரியும்? இன்னொண்ணை அடியில வைங்க.”

“அப்படியா?”

வைத்தார். பல்பு எரிந்தது. மேகத்துக்குள் அது எங்கோ தூரத்து ஊர் விளக்கு போலத் தெரிந்தது. டார்ச்சின் மூடியை யாரோ சரியாகத் திருகவில்லை, அவ்வளவுதான். ஏகாம்பரம் டெஸ்டரை மெதுவாக மடியில் செருகிக்கொண்டார்.

“இந்த மேஜை விளக்கும் காலையிலிருந்து எரியல,” என்றார் அம்மா.

டெஸ்டர் மறுபடி வெளியே வந்தது. சுவரிலிருந்த பிளக் பாயிண்டில் அதை வைத்ததும் இருநூற்று இருபது என்று காட்டியது. போன மானம் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவருக்கு.

“கரண்ட் ஜோரா வருதும்மா. விளக்குதான் கெட்டுப்போச்சு.”

“சமையலறையில செருகினா எரியுதே.”

ஏகாம்பரம் தலையைச் சொறிந்தார். அம்மா ஒரு பழைய ஹோல்டரை நீட்டினார். அதில் ஒரு பெரிய பல்பு, கீழே இரண்டு ஒயர்.

“இதை வச்சுப் பாருங்க.”

இரண்டு ஓட்டையிலும் இரண்டு ஒயரையும் வைத்துச் சுவிட்சைப் போட்டார். பல்பு எரியவில்லை. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மெயினை அணைத்துவிட்டுப் போர்டைக் கழற்றினார். அம்மா செல்லைப் போட்டு, மூடியை இறுகத் திருகி டார்ச் பிடித்தார். உள்ளே கருப்பு ஒயர் திருகாணியிலிருந்து விலகித் தொங்கிக்கொண்டிருந்தது.

“அட, இதுதான் சங்கதி! வர்ற கரண்ட் வந்துக்கிட்டேதான் இருக்கும்மா. திரும்பிப் போற ஒயர் கழண்டு கிடக்கு. அப்புறம் எங்கிருந்து எரியும்?”

“உங்க டெஸ்டர் அதைச் சொல்லலையா?”

“அது வர்றதை மட்டும்தான் காட்டும். போறது அதுக்குத் தெரியாது.”

ஒயரை இறுக்கி முடுக்கினார். மெயினைப் போட்டார். விளக்கு எரிந்தது. கூடத்திலிருந்த மேகம் முழுக்க மஞ்சளாகி, சுவர்களும் தூண்களும் அதில் மிதப்பது போல இருந்தது. ஏகாம்பரம் குழந்தை மாதிரி சிரித்தார். பிறகு, தான் முன்பு கேட்டது ஞாபகம் வந்து, சிரிப்பு அடங்கியது.

“அம்மா, என் காவி?”

அம்மா அவர் படுக்கிற மூலையைப் பார்த்தார். சுவரில் ஓர் ஆணி இருந்தது. அதில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏதோ தடிமனாகத் தொங்கியது.

“அந்த ஆணியில என்ன ஐயா?”

“மஞ்சப்பைம்மா. நான் இங்க இருக்கிறதை எப்படியோ தெரிஞ்சுக்கிட்டா கோதை. பஸ்காரர்கிட்ட கொடுத்தனுப்புறா. முறுக்கு, துவைச்ச வேட்டி, என் முட்டிவலிக்குத் தைலம்...”

“இன்னமும் வருதா?”

“மாசம் தவறாம வருதும்மா.”

“வர்றது தெரியுது ஐயா,” என்றார் அம்மா. “இங்கிருந்து போறது எது?”