கொக்கி வைத்துத் தைத்த கார்

மேலக்கரட்டூரில் மூன்று அண்ணன் தம்பிகள் தையல் கடை வைத்திருந்தார்கள். மூத்தவர் தவசி, அடுத்தவர் வைரவன், கடைசி சொக்கன். தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் மிஷினை விட்டு எழுந்த பிறகுதான் ஆரம்பிக்கும். யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே செய்துவிடுவார்கள். "சட்டை நல்லா தொளதொளன்னு இருக்கட்டும், என் மச்சானும் உள்ளே நுழையற மாதிரி" என்று ஒருத்தர் விளையாட்டுக்குச் சொல்லப்போக, இரண்டு கழுத்து வைத்துத் தைத்துக் கொடுத்த புண்ணியவான்கள்.

"எப்பங்க கிடைக்கும்?" என்று கேட்டால் மட்டும் மூன்று பேர் வாயிலும் ஒரே பதில்தான். "வெள்ளிக்கிழமை வாங்க."

இவர்களுக்கு ஒரே தங்கச்சி, செங்கமலம். பள்ளத்தில் இருக்கிற பக்கத்து ஊர் கீழக்கரட்டூரில் வாக்கப்பட்டிருந்தாள். புருஷன் திருப்பூரில் வேலை. வீட்டில் அவளும் மாமியார் மாரக்காளும்தான். மாரக்காள் கெட்டவள் இல்லை. ஆனால் மருமகள் தூங்கிக்கொண்டிருந்தால்கூட எழுப்பி, எப்படித் தூங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிற ரகம்.

செங்கமலத்துக்கு ஒன்பதாம் மாதம், தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு அழைக்கிற நேரத்தில் மாரக்காள் சபைக்கு நடுவில் நின்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

"என் மருமக பஸ்ஸுல எல்லாம் வரமாட்டா. பஸ் குலுங்கும். நீட்டிப் படுத்துக்கிட்டு வர்ற மாதிரி வண்டி கொண்டாங்க. வண்டி ஒரு குலுக்கு குலுங்கக் கூடாது. இல்லேன்னா பிரசவம் இங்கதான்."

செங்கமலம் பெரிய அண்ணனைப் பார்த்தாள். 'எப்படியாவது என்னைக் கூட்டிட்டுப் போயிடுண்ணே' என்று அந்தப் பார்வை கெஞ்சியது. தவசிக்கு நெஞ்சு கரைந்துவிட்டது.

"கொண்டாரேன் அத்தை" என்றார்.

டவுனில் ஒரு ஜவுளி வியாபாரியிடம் பழைய ஸ்டேஷன் வேகன் ஒன்று சும்மா கிடந்தது. முன்பாதி கார், பின்பாதியில் கட்டிலே போடலாம், அவ்வளவு நீளம். "எடுத்துட்டுப் போங்க தவசி" என்று அவரும் தாராளமாகக் கொடுத்துவிட்டார். ஓட்டவும் சொல்லிக் கொடுத்தார். "இது பிரேக், இது கிளட்ச். அவ்வளவுதான். நேராப் போங்க, ஊர் வந்திடும்."

தவசி நேராகப் போனார். ஊருக்கு முன்னால் ரோடு வளைந்தது. தவசி வளையவில்லை. எதிரே இருந்த புளியமரமும் வளையவில்லை.

நல்லவேளை, தவசிக்கு ஒரு கீறல்கூட இல்லை. வண்டிக்குத்தான் மூக்கு நசுங்கி, இடதுபக்கம் உள்ளே போய், இருந்த கண்ணாடியெல்லாம் கொட்டிவிட்டது. மாட்டைக் கட்டி வீட்டு வாசலுக்கு இழுத்து வந்தார்கள்.

மெக்கானிக் காதர் பாய் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "என் பட்டறையில வேலை குவிஞ்சு கிடக்கு. ஒரு மாசம் ஆகும்" என்றார்.

"குழந்தை ஒரு மாசம் காத்திருக்காது பாய். நாங்களே வீட்டில வச்சுப் பார்த்துக்கறோம். வழி மட்டும் சொல்லுங்க."

காதர் பாய் சிரித்தார். "சுருக்கத்தை எடுங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கொண்டாங்க. அவ்வளவுதானே!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் வேடிக்கைக்குத்தான் அப்படிச் சொன்னார் என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும், மூன்று பேரைத் தவிர.

சுருக்கத்தை எடுப்பதற்கு இவர்களுக்கு யாராவது சொல்லித் தரவேண்டுமா? சொக்கன் இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு ஊதினார்.

"அண்ணே, இது காட்டனா, பாலியஸ்டரா? பாலியஸ்டர்னா சூடு தாங்காதே."

தவசி பானெட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார். "கஞ்சி ஜாஸ்தி போட்ட காட்டன். தண்ணி தெளிச்சு அழுத்தித் தேய்."

தண்ணீர் தெளித்தார்கள். தேய்த்தார்கள். பெயின்ட்தான் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி உரிந்து வந்தது.

"சாயம் போற துணி" என்றார் வைரவன், வருத்தத்தோடு.

கரி தீர்ந்தது, சுருக்கம் தீரவில்லை. மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். வைரவன் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, இது சுருக்கமே இல்லை. கொசுவம். கம்பெனிக்காரன் வேணும்னே வச்சிருக்கான்."

"அட ஆமா! ஒரே அளவுல மடிப்பு மடிப்பா வந்திருக்கு பாரு."

"பொம்பளைப் பிள்ளை போற வண்டிக்குக் கொசுவம் இருந்தா லட்சணம்தானே."

அந்த வேலை முடிந்தது.

அடுத்தது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரவேண்டும். வைரவன் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து அளந்தார். இடது பக்கம் நாலு விரல்கடை உள்ளே போயிருந்தது.

"சட்டையில ஒரு கை குட்டையாப் போச்சுன்னா என்ன பண்ணுவோம்?" என்று கேட்டார் தவசி.

"இன்னொரு கையையும் குட்டை பண்ணிடுவோம்."

"பின்னே? போன துணி திரும்பி வருமா?"

சொக்கன் உள்ளே ஓடி அம்மாவின் உலக்கையை எடுத்து வந்தார். நன்றாக இருந்த வலதுபக்கத்தை மூவரும் மாற்றி மாற்றி இடித்தார்கள். சத்தம் கேட்டு அம்மா காத்தாயி வெளியே வந்தாள். மூன்று பிள்ளைகளையும் பெற்று வளர்த்தவள் ஆகையால் அவளுக்கு எதைப் பார்த்தும் ஆச்சரியம் வருவதில்லை.

"இடிச்சு முடிச்சதும் உலக்கையைக் கழுவி வைங்கடா" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அளந்து பார்த்தால் வலதுபக்கம் ஒரு விரல்கடை கூடுதலாக உள்ளே போயிருந்தது. சரி என்று இடதுபக்கம் ஒரு இடி. அது கொஞ்சம் அதிகமாகிவிட, திரும்பவும் வலதுபக்கம். இப்படியே பொழுது சாய்வதற்குள் வண்டி நடுவில் ஒடுங்கி, இடுப்புப் பிடித்துத் தைத்த ஜாக்கெட் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் இரண்டு பக்கமும் அச்சாக ஒரே அளவு. தவசி டேப்பை மடித்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் ரசித்துப் பார்த்தார்.

கண்ணாடி இருந்த இடத்துக்கெல்லாம் திரைச்சீலை தைத்தார்கள். பின்கதவு சாத்த மாட்டேன் என்றது, அதற்கும் கெட்டித்துணி. திறந்து மூடச் சுற்றிலும் ஜாக்கெட் கொக்கி. உள்ளே புது இலவம்பஞ்சு மெத்தை. பின்னால் வருவதைப் பார்க்கிற பக்கக் கண்ணாடியும் உடைந்துபோனதால், கடையில் ஆளுயரத்துக்கு இருந்த கண்ணாடியைக் கழற்றி டிரைவர் பக்கத்தில் கயிற்றால் கட்டினார்கள்.

பிறகு டிரையல். புதுத் துணியென்றால் போட்டுப் பார்க்காமல் கொடுக்கிற வழக்கம் இவர்களிடம் கிடையாது. சொக்கன் வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு செங்கமலமாகப் படுத்தார். தவசி வண்டியைக் கிளப்பினார்.

"குலுங்குதுண்ணே!" உள்ளேயிருந்து சொக்கன் அலறினார். "பாப்பா ஆடுது!"

தவசி சட்டென்று இறங்கினார். அத்தை சபையில் போட்ட முதல் கண்டிஷனே அதுதானே. எங்கே குலுங்குகிறது என்று வண்டி முழுக்கக் கை வைத்துப் பார்த்தார்கள். சக்கரம் தேமேயென்று இருந்தது. மெத்தை பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது. பானெட்டைத் திறந்தால் இன்ஜின்தான் ஜுரம் கண்ட மாதிரி கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"எல்லாத்துக்கும் காரணம் இவன்தான்" என்றார் வைரவன்.

வேப்பங்கிளையில் தாம்புக்கயிறு போட்டு இன்ஜினைத் தூக்கி வெளியே இறக்கி, நனையாமல் இருக்க மேலே ஒரு பாவாடைத் துணியைப் போர்த்தினார்கள். திரும்ப டிரையல். சொக்கன் படுத்தார். தவசி சாவியைத் திருகினார்.

"குலுங்குதா?"

"இல்லைண்ணே. தலகாணி அசையவே இல்லை."

"வண்டியும் அசையலையே" என்றார் வைரவன்.

தவசி அவரை முறைத்தார். "அத்தை என்ன சொன்னாங்க? குலுங்கக் கூடாதுன்னு சொன்னாங்க. ஓடணும்னு சொன்னாங்களா?"

சொல்லவில்லைதான்.

புதன்கிழமை காலையில் கிளம்பினார்கள். காத்தாயி வாசலில் நின்று படித்துப் படித்துச் சொன்னாள். "அவ படுத்ததும் கிளம்பிடுங்க, எமகண்டத்துக்கு முன்னாடி வந்திடணும். கிளம்பினப்புறம் திரும்பிப் பார்க்காதீங்க. வழியில பேச்சுக் குடுக்காதீங்க, பிள்ளை நிம்மதியாத் தூங்கட்டும்."

"சரிம்மா" என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அப்போதே காத்தாயிக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

கீழக்கரட்டூருக்குப் போவது ஒரே இறக்கம். தம்பிகள் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, தவசி பிரேக்கை மிதித்து மிதித்து வண்டியைக் கொண்டுபோய் மாரக்காள் வாசலில் நிறுத்தினார்.

மாரக்காள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றி வந்தாள். "என்னடா இது, ரெண்டு பக்கமும் ஒட்டிப் போயிருக்கு?"

"ஒரே அளவு அத்தை. வேணும்னா டேப் வச்சுப் பாருங்க" என்றார் வைரவன்.

"முதல்ல நான் படுத்துப் பார்க்கறேன். அப்புறம்தான் என் மருமகளை ஏத்துவேன்."

சம்பந்தி வீட்டு ஆட்கள் வருகிறார்கள் என்று விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்ற உடம்பு. மாரக்காள் ஏறி மெத்தையில் சாய்ந்தாள். "கொக்கியெல்லாம் மாட்டுங்க. தூசி உள்ளே வருதான்னு பார்க்கறேன்" என்றாள். தம்பிகள் ஒவ்வொன்றாக மாட்டினார்கள். கடைசிக் கொக்கி மாட்டுவதற்குள் உள்ளே குறட்டை கேட்டது.

இது நடக்கும்போது தவசி தொட்டித் தண்ணீரில் கால் கழுவப் போயிருந்தார். வந்ததும் கேட்டார்: "படுத்தாச்சா?"

"படுத்தாச்சுண்ணே" என்றார் வைரவன். கேட்டதற்குத்தானே பதில் சொல்ல முடியும்?

யார் என்று கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பார். தவசி அப்படிக் கேட்கவில்லை. "அப்ப தள்ளுங்கடா, எமகண்டம் வருது" என்றார்.

தெருமுனை திரும்புகிறபோது பக்கத்தில் கட்டியிருந்த பெரிய கண்ணாடியில் தவசி பார்த்தார். மாரக்காள் வீட்டு வாசலில் செங்கமலம் பையும் கையுமாக நின்று, இன்னொரு கையை வீசி வீசி என்னவோ கத்திக்கொண்டிருந்தாள். 'பாவம், நம்மை வழியனுப்ப எவ்வளவு ஆசையா வந்து நிக்குது' என்று தவசிக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே படுத்திருக்கிறவள் வெளியே எப்படி நிற்பாள் என்று ஒரு நொடி அவருக்கும் தோன்றத்தான் செய்தது. ஆனால் கண்ணாடியில் இடது வலதாகத் தெரியும், வலது இடதாகத் தெரியும் என்பது தையல்காரருக்குத் தெரியாததா? உள்ளே இருப்பது வெளியே தெரிவதில் என்ன அதிசயம்? திரும்பிப் பார்த்துச் சரிபார்க்கலாம் என்றால் அம்மா திரும்பிப் பார்க்கக் கூடாது என்றிருக்கிறாள். கண்ணாடிக்கே கையசைத்துவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தார்.

வரும்போது ஏற்றம். தம்பிகளுக்கு மூச்சு வாங்கியது.

"கனமா இருக்குண்ணே!" என்று பின்னாலிருந்து சொக்கன் கத்தினார்.

"ரெண்டு உயிர்டா! கனக்காதா?" என்றார் தவசி.

தம்பிகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அத்தைக்குமா?" என்றார் சொக்கன் மெதுவாக.

"அண்ணன் தெரியாமயா சொல்வாரு? பெரியவங்க விஷயம். நீ வெளியே சொல்லிட்டு இருக்காதே" என்றார் வைரவன். அதற்குப் பிறகு இருவரும் இன்னும் பதமாகத் தள்ளினார்கள்.

மேலக்கரட்டூர் வாசலில் காத்தாயி ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள். வண்டி நின்ற அதிர்ச்சியில் மாரக்காளுக்கு முழிப்பு வந்துவிட்டது. எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் எழுந்து உட்கார்ந்து, இருட்டில் கையையும் காலையும் வீசியதில் கொக்கிகள் படபடவென்று தெறித்தன. கிழிந்த திரைக்கு நடுவில் அவள் தலை வெளியே வந்தது.

தவசி இறங்கி ஓடி வந்தார். தங்கச்சி என்று நினைத்துத் தள்ளி வந்தது அத்தையையா? தம்பிகளைப் பார்த்தார். "யாருடா படுத்தது?"

"அத்தைண்ணே."

"ஏண்டா சொல்லலை?"

"நீங்க கேட்கலையே."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

சொக்கன் அம்மாவின் காதோரம் போய், "அத்தையும் மாசமா இருக்காங்களாம்மா" என்றார்.

காத்தாயி மூன்று பிள்ளைகளையும் பார்த்தாள். எடுத்த ஆரத்தியை வீணாக்க மனசில்லாமல் சம்பந்தியம்மாளுக்கே சுற்றி, நெற்றியில் பொட்டும் வைத்தாள். "வாங்க சம்பந்தி" என்றாள். பிறகு உள்ளே போய், பிரசவத்துக்கு எடுத்து வைத்திருந்த மருந்துக் கூடையையும் துணி மூட்டையையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"நான் போய் என் மகளைப் பார்த்துக்கறேன். நீங்க சம்பந்தியைப் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

சாயங்காலம் செங்கமலம் போன் பண்ணினாள். குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி. "அண்ணே, அம்மா வந்துட்டாங்க. பூண்டுக்குழம்பு வச்சுக் குடுத்தாங்க, சாப்பிட்டுட்டு மத்தியானம் பூரா தூங்கினேன். யாரும் எழுப்பலை. அத்தையை அவசரப்படுத்தாதீங்க. அவங்க மெதுவா, குலுங்காம வரட்டும்."

இங்கே மாரக்காள் வாசலில் நின்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். "என்னைக் கொண்டுபோய் என் வீட்டில விடுங்கடா! பஸ்ஸிலயாவது ஏத்தி விடுங்கடா!"

"பஸ் குலுங்கும் அத்தை. நீங்கதானே சபையில சொன்னீங்க" என்றார் வைரவன் மரியாதையாக.

சபையில் சொன்ன சொல். மாரக்காள் வண்டியின் பக்கம் திரும்பினாள். "சரி, இந்த வண்டியாவது எப்படா ரெடியாகும்?"

தவசி டேப்பை எடுத்துக் கிழிந்த திரையை அளந்தார். தெறித்த கொக்கிகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை வாங்க அத்தை."

"எங்கிருந்துடா வர்றது? நான் இங்கதானே நிக்கறேன்!"

மூன்று பேரும் தலைகளைச் சேர்த்து வைத்து ரொம்ப நேரம் பேசினார்கள். கடைசியில் தவசி வந்து, தங்கச்சி மாமியார் மனசு நோகாதபடிக்கு, பக்குவமாகச் சொன்னார்:

"நீங்க இங்கயே இருந்தா எப்படி அத்தை வரமுடியும்? ஒண்ணு பண்ணுங்க. இப்ப நடந்தே வீட்டுக்குப் போயிடுங்க. போயிட்டு வெள்ளிக்கிழமை வாங்க. குலுங்காம கொண்டுபோய் உங்க வீட்டில விட்டுடறோம்."