திருஷ்டிக்கு விட்ட சாரணை

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கும் வாய் இருந்தது. வாய் இருந்ததால் வம்பும் இருந்தது. ஏரிக்கரையோரம் கத்தரித் தோட்டம் வைத்திருந்த சிலம்பாயிக்கு அந்த வம்பு நன்றாகத் தெரியும். அவள் களை கொத்திவிட்டு நிமிர்வதற்குள் சாரணைப் பூண்டு பின்னால் படர்ந்துகொண்டு, "என்னக்கா, ரொம்பக் களைச்சிட்டீங்க போல" என்று நலம் விசாரிக்கும். கத்தரிக்கு ஊற்றிய தண்ணீரையும் போட்ட எருவையும் அதுவே தின்று கொழுத்தது. புருஷன் இல்லாதவள், கத்தரி காய்த்தால்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கும். குனிந்து குனிந்து இடுப்பே விட்டுப்போயிருந்தது.

ஒருநாள் கரையில் நின்ற எட்டி மரத்தடியில் உட்கார்ந்து அழுதாள்.

"அழாத தாயி," என்றது எட்டி. "என் காயை இடிச்சுச் சாறு எடுத்து, கத்தரி மேல படாம களையில தெளி. கருகிப்போகும். ஆனா ஒண்ணு ரெண்டு கருகாம நிக்கும். அதை உன் கையால வேரோட பிடுங்கிப்புடு. மறந்துடாத."

தெளித்தாள். சாரணையெல்லாம் சுருண்டு செத்தது. வாய்க்கால் ஓரத்தில் ஒன்று மட்டும் பச்சையாக நின்றது. பிடுங்கக் குனிந்தபோது இடுப்பில் சுரீரென்றது.

"அக்கா, உங்க தோட்டத்தைப் பாருங்க," என்றது அந்தச் சாரணை. "களையே இல்லாம இப்படிப் பளிச்சுனு கெடந்தா ஊர்க்கண்ணு சும்மா விடுமா? பச்சைப்புள்ளைக்குக் கன்னத்துல மை வைக்கிறதில்லையா? அது மாதிரி நான் ஒரு ஓரமா நின்னுக்கறேன்."

சிலம்பாயிக்கு அது சரியென்றே பட்டது. உண்மையைச் சொன்னால், சரியென்று பட்டது அவள் இடுப்புக்குத்தான். விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் கத்தரி கிளை ஒடியக் காய்த்தது. திருஷ்டிப்பொட்டும் தன் பாட்டுக்குப் பூத்துக் காய்த்து, விதையைச் சத்தமில்லாமல் வாய்க்கால் தண்ணீரில் விட்டது.

மறு பட்டத்தில் தோட்டம் முழுக்க அதன் பிள்ளைகள். சாறு தெளித்தாள். மழையில் நனைந்தாற்போல் தலையைச் சிலுப்பிக்கொண்டு நின்றன. இன்னும் கெட்டியாக எடுத்து, ஆத்திரத்தில் வாரி இறைத்தாள். கத்தரிதான் கருகியது.

எட்டியிடம் ஓடினாள். "உன் கசப்பெல்லாம் எங்க போச்சு?"

"அது அப்படியேதான் இருக்கு," என்றது மரம் அலுப்போடு. "சாகறதையெல்லாம் நான் கொன்னேன். சாகாததை நீ வளத்துட்ட தாயி. இனி என்கிட்ட ஒண்ணுமில்ல." அதற்குப் பிறகு எட்டி யாரிடமும் பேசவில்லை.

சிலம்பாயி களைக்கொத்தோடு திரும்பி வந்து கண்ணில் பட்ட முதல் சாரணையின் முன் குனிந்தாள்.

"வந்துட்டீங்களாக்கா," என்றது அது.

அவள் களைக்கொத்தை ஓங்கி அதன் வேரில் போட்டாள்.

அன்று முதல்தான் சாரணை மருந்துக்கு அடங்குவதில்லை. தோட்டக்காரர்கள் என்னத்தைத் தெளித்தாலும், கடைசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனியத்தான் வேண்டியிருக்கிறது.