உம் கொட்டின ராசா

ஒரு ஊர்ல ஒரு பெரிய ஏரி இருந்துச்சாம், அந்த ஏரிக்கரையில ஒச்சாயின்னு ஒருத்தி இருந்தாளாம். எல்லாரும் கிட்ட வந்து படுத்தாச்சா? இந்தாருங்க, கதைக்கு உம் கொட்டணும். உம் சத்தம் நின்னா கதையும் அங்கேயே நின்னுடும், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.

அந்த ஒச்சாயிக்கு என்ன வேலைன்னா, கூவுற வேலை. ஏரி மடையைத் திறக்கப் போறாங்கன்னா கரைமேல ஏறி நின்னு, "மடை திறந்தாச்சேய்… வாய்க்காலைப் பாருங்கேய்…"ன்னு கூவணும். ஏழு ஊருக்கு அந்த ஏரித் தண்ணிதான். முதல் ஊர்ல களை எடுக்கறவளும் நிமிந்து பாப்பா, ஏழாவது ஊர்ல மாடு மேய்க்கிறவனும் மம்பட்டியைத் தூக்கிட்டு ஓடுவான். கொம்பு கிடையாது, மேளம் கிடையாது, வெறும் தொண்டை. அவ அம்மாவும் கூவினவதான், ஆனா அந்தக் குரல் அஞ்சு ஊருக்குத்தான் எட்டும். அதனால ஒச்சாயிக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, நடந்து போறப்பவே தலை நிமிந்துதான் இருக்கும். இருக்கட்டுமே, ஏழு ஊருக்குக் கேக்குற குரல் இருந்தா நானும்தான் நிமிந்து நடப்பேன்.

அந்த நாட்டுக்கு ஒரு ராசா. நல்ல ராசாதான், மீசையெல்லாம் பெரிசா இருக்கும், ஆனா வாயைத் திறந்தா வெறும் காத்துதான் வரும். ஏன்னு கேளுங்க. பதினெட்டு வயசுல பட்டம் கட்டின மறுநாளே அவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. அப்ப மந்திரி சோணாசலம் ஓடி வந்து, "மகாராசா, உங்க தொண்டை கண்ணாடி மாதிரி, சத்தம் போட்டா வெடிச்சிடும், எங்கிட்ட மெதுவாச் சொல்லுங்க, நான் சபைக்குச் சொல்லிக்கிறேன்"னான். ராசாவும் பயந்துட்டார், ராசாவுக்குக் கண்ணாடித் தொண்டைன்னு நாடு பூராவும் பேச்சாயிடுச்சு. அன்னிலேர்ந்து பன்னெண்டு வருசம், மந்திரி குனிஞ்சு காதைக் கொடுப்பான், ராசா குசுகுசுன்னு சொல்லுவார், மந்திரி நிமிந்து "ராச உத்தரவு"ன்னு ஆரம்பிப்பான்.

அவன் சொல்றது ராசா சொன்னதுதானா? அதான் இல்ல. ராசா "ஊருக்குக் கிணறு வெட்டுங்க"ன்னா, இவன் "மந்திரிக்கு மாளிகை கட்டுங்க"ம்பான். ராசா "பாவம், அவனை விட்டுடுங்க"ன்னா, இவன் "பிடிச்சு உள்ள போடுங்க"ம்பான். ராசா அவன் அங்கவஸ்திரத்தைப் பிடிச்சு இழுத்து, "நான் அப்படிச் சொல்லலியே"ன்னு குசுகுசுப்பார். "அப்புறம் பேசிக்கலாம் மகாராசா, தொண்டை நோவும்"னு சிரிச்சிட்டே சொல்லிடுவான். ராசாவும் தொண்டையைத் தடவிக்கிட்டு உக்காந்துடுவார். எங்க, உம் சத்தத்தைக் காணோம்? ஆங், அது.

அப்ப ஒரு நாள், நாத்து நட்டு இருபது நாள் ஆயிருக்கு, ராசா "மடையைத் திறங்க"ன்னார். மந்திரி நிமிந்து, "ராச உத்தரவு, மடையை அடைங்க"ன்னான். எதுக்கு? ஏரித் தண்ணி பூராவும் தனி வாய்க்கால் வழியா அவனோட வாழைத்தோப்புக்குப் போகணும், அதுக்கு. ஏழு ஊர் நாத்தும் காஞ்சு மஞ்சளாப் போச்சு. சனங்க வயித்துல அடிச்சுக்கிட்டாங்க, ராச உத்தரவுன்னா யார் போய்க் கேக்கறது?

ஒச்சாயி கேட்டா. கரைமேல ஏறி, அரமனைப் பக்கம் திரும்பி நின்னு, வயிறு நிறைய மூச்சை இழுத்து, "மகாராசாவேய்… நாத்து காயுதேய்… மடையை ஏன் அடைச்சீங்கேய்…"ன்னு ஒரு கூவு கூவினா.

அங்க ராசா சாப்பிட்டுக்கிட்டு இருக்கார். எடுத்த கவளம் கையிலயே நின்னுச்சு. மந்திரிதான் யாரையும் கிட்ட விடமாட்டானே, பன்னெண்டு வருசத்துல அவன் வாய் வழியா வராம, அவரையே கூப்பிட்டு அவர் காதுல நேரா விழுந்த முதல் பேச்சு அதுதான். உடனே மந்திரியைக் கூப்பிட்டு, "நான் திறக்கத்தானே சொன்னேன், அந்தம்மாவை மரியாதையாக் கூட்டிட்டு வாங்க, என்னன்னு கேக்கணும்"னு குசுகுசுத்தார். மந்திரி "சரி மகாராசா"ன்னான். இவளை விட்டா நம்ம குட்டு வெளிப்படும், இந்தக் குரலையே இல்லாம ஆக்கிடணும்னு நினைச்சு, வெளிய வந்து, "ராச உத்தரவு, அந்தக் குரல் மகாராசாவுக்கு வேணுமாம், வைத்தியரை விட்டு அவ தொண்டையிலேர்ந்து அறுத்து எடுத்து ராசா தொண்டையில வைக்கணுமாம்"னு சொல்லிட்டான்.

ஒச்சாயியைச் சபையில கொண்டாந்து நிறுத்தினாங்க. வயசான அரமனை வைத்தியர் ஒரு தட்டுல கத்தியை வச்சுக்கிட்டு நிக்கிறார். ஒச்சாயிக்கும் பயம்தான், ஏன் பொய் சொல்லணும். ஆனா அவளுக்கு உசிரைவிட அந்தக் குரல்தான் பெரிசு. அது போயிட்டா நான் வெறும் ஒச்சாயி, ஊருக்கும் மடை திறந்தது தெரியாதுன்னு நினைச்சா. நினைச்சதும் தலை தானா நிமிந்துச்சு.

"மந்திரியாரே, குரல்தானே வேணும்? அது எந்த இடத்துல இருக்குன்னு நீங்களே காட்டுங்க. காட்டிட்டா நானே எடுத்துத் தர்றேன். மூணு தடவ சொல்லலாம்"னா. மந்திரி சிரிச்சான். "இது ஒரு பெரிய விசயமா? பேசறது ஒதடு. ஒதட்டுலதான் இருக்கு."

"வைத்தியரே, என் ஒதட்டை இறுக்கிப் பிடிங்க"ன்னா. அவர் ரெண்டு விரலால அமுக்கிப் பிடிச்சார். ஒச்சாயி வாயைத் திறக்காமயே "ம்ம்ம்…"னு நடவுப்பாட்டு மெட்டை இழுத்தா பாருங்க, சத்தம் மூக்கு வழியா வந்து சபையைச் சுத்துச்சு. வாசல்ல நின்ன காவக்காரன்கூட மெட்டுக்குத் தலையை ஆட்டினான்.

"அப்ப நாக்குலதான் இருக்கு"ன்னான் மந்திரி. "பிடிங்க"ன்னு நாக்கை நீட்டினா. வைத்தியர் ஒரு துணியால நாக்கைப் பிடிச்சுக்கிட்டார். வார்த்தை வரல, நிசம்தான், ஆனா "ஆ…"ன்னு ஒரு குரல் கிளம்பி விதானத்துல இருந்த புறாவெல்லாம் படபடன்னு பறந்துச்சு.

மூணாவதா மந்திரி யோசிச்சான். அவ கழுத்தையே உத்துப் பார்த்தான். "தொண்டை. குரல்வளையிலதான் இருக்கு"ன்னான்.

ஒச்சாயி இல்லேன்னு சொல்லல. பொய் சொல்லித் தப்பிக்கிற சாதி இல்ல அவ. ராசா கிட்ட போய், அவர் கையை எடுத்துத் தன் கழுத்து மேட்டுல வச்சு, "மகாராசா, மந்திரியார் சொன்னதுல பாதி சரி. நான் பேசறப்ப இங்க அதிருதா?"ன்னு கேட்டா. ராசா கண்ணு விரிஞ்சுச்சு. உள்ள ஒரு வண்டு பறக்குற மாதிரி இருந்துச்சு.

"உள்ள ரெண்டு சின்ன மடல் இருக்கு மகாராசா, எங்க ஏரி மடைக் கதவு மாதிரி. மூச்சு விடறப்ப திறந்து கிடக்கும், பேசறப்ப நெருங்கிச் சேரும், காத்து அதைத் தள்ளிக்கிட்டு வர்றப்ப அதிரும். ஆனா மடை மட்டும் போதுமா? நெஞ்சுதான் ஏரி, அங்கதான் காத்து நிக்குது, வயிறு அதைத் தள்ளி விடுது. வாய், மூக்கு, நாக்கு, ஒதடு எல்லாம் வாய்க்கால், அதுங்கதான் வயல் வயலாப் பிரிச்சு விடுது. மடையை மட்டும் பேத்து உங்க வீட்டுல கொண்டாந்து வச்சா தண்ணி வருமா? நம்பலேன்னா என்னை அறுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஆட்டுத் தொண்டையில பாருங்க"ன்னா.

சோறு திங்கறப்ப பேசாதேன்னு சொல்றேன்ல? சோறு போறப்ப அந்த மடை மூடிக்கணும், நீ பேசினா திறந்துக்கும், அதான் புரை ஏறுது. சரி, கதைக்கு வருவோம்.

அன்னைக்கு அரமனை அடுப்படியில ஒரு ஆடு அடிச்சிருந்தாங்க. அது காலையில "மே"ன்னு கத்தினது எல்லாருக்கும் கேட்டுச்சு. அதோட குரல்வளையைக் கொண்டாந்து, கொல்லன்பட்டறைத் துருத்தியை அதுல செருகி, வைத்தியர் ஒரு அமுக்கு அமுக்கினார். "ப்பீ…"ன்னுச்சு. இன்னொரு தடவ, "ப்பீ…" மூணாவது தடவையும் அதேதான். சபையே சிரிச்சுது.

"ஆட்டுக்கே அதோட 'மே' திரும்பி வரல. என்னோடதை எடுத்து மகாராசா 'ப்பீ'ன்னா உத்தரவு போடுவார்?"னு கேட்டா ஒச்சாயி.

மந்திரிக்கு மூஞ்சி கறுத்துப் போச்சு. "அதெல்லாம் தெரியாது, ராச உத்தரவு ராச உத்தரவுதான், அறுங்க வைத்தியரே"ன்னான். ராசா அவன் அங்கவஸ்திரத்தை இழுத்து "நான் அப்படிச் சொல்லலியே"ன்னு குசுகுசுத்தார், அவன் திரும்பியே பாக்கல, ஆனா கிட்ட நின்ன ஒச்சாயிக்கு அது கேட்டுச்சு. வைத்தியர் கத்தியை எடுத்துட்டார். பாவம், அவர் கண்ணுல தண்ணி.

அப்ப ஒச்சாயி, "எனக்கு ஒரு கடைசி ஆசை. மகாராசாவுக்கு ஒரு கதை சொல்லணும். சின்னக் கதை. அதுவரைக்கும் அவர் கையை அவர் கழுத்துலயே வச்சிருக்கணும்"னா. கதைன்னா யாருக்குத்தான் ஆசை இருக்காது? ராசா தலையை ஆட்டிட்டு, கையைத் தன் தொண்டையில வச்சுக்கிட்டார். "சொல்லு தாயி"ன்னு குசுகுசுத்தார். கைக்கு ஒண்ணும் தெரியல. குசுகுசுப்புல அந்த மடல் அதிராது, வெறும் காத்துதான் போகும். இங்கயும் சில பேரு அடுத்தவங்க காதுல குசுகுசுன்னு பேசுறீங்கல்ல, தொட்டுப் பாருங்க, ஒண்ணும் இருக்காது.

ஒச்சாயி ஆரம்பிச்சா. "ஒரு ஊர்ல ஒரு ஏரி இருந்துச்சு மகாராசா." சொல்லிட்டுச் சும்மா நின்னா. "ஏன் நிறுத்திட்ட?"ன்னு பார்த்தார் ராசா. "உம் கொட்டாட்டி கதை நகராதே. உங்க ஆத்தா கதை சொன்னப்ப நீங்க கொட்டினதில்லையா?"

ராசா ஒதட்டை மூடிக்கிட்டு, பழக்கத்துல, "ம்"னார்.

கை துள்ளுச்சு. உம்மைக் குசுகுசுக்க முடியாது பாருங்க, யாராலயும் முடியாது. உள்ள வண்டு பறந்துச்சு. அவர் தொண்டைக்குள்ள, அவரோட வண்டு.

"அந்த ஏரிக்கு நல்ல மடை ஒண்ணு இருந்துச்சு. ஒருத்தன் வந்து, திறந்தா உடைஞ்சிடும்னு சொல்லி அதைப் பூட்டிட்டான்."

"ம்ம்."

"பன்னெண்டு வருசம் பூட்டியே கிடந்துச்சு. மடை உடையல மகாராசா, துருதான் பிடிச்சுது. ஏரியில தண்ணி இன்னமும் தளும்பிக்கிட்டுத்தான் இருக்கு."

"ம்ம்ம்."

மூணாவது உம் கடைசி வரிசையில நின்னவனுக்கும் கேட்டுச்சு. வைத்தியர் கையில இருந்த தட்டு டமார்னு விழுந்துச்சு. "மகாராசா, தொண்டை கட்டின அன்னிக்கு நான் மூணு நாளுதான் பேசாம இருங்கன்னு சொன்னேன். பன்னெண்டு வருசம்னு யார் சொன்னது? அதுக்கப்புறம் மந்திரியார் என்னை உங்ககிட்ட விடவே இல்லியே"ன்னு அழுதார்.

மந்திரி குறுக்க பாஞ்சான். "ராச உத்தரவு, இவளை உடனே…"ன்னு ஆரம்பிச்சான்.

"இல்ல"ன்னார் ராசா.

மீசை அரும்புற பையனுக்குக் குரல் உடையும் பாருங்க, அப்படிக் கரகரன்னு, பாதி கீச்சாவும் பாதி கட்டையாவும் வந்துச்சு. தொண்டை வெடிக்கல. ஒண்ணும் ஆகல. அவருக்கே நம்ப முடியல, அதனால இன்னொரு தடவ சொன்னார். "இல்ல. நான் அப்படிச் சொல்லல. மடையைத் திறங்க." சபையில இருந்த பொம்பளைங்க அத்தனை பேரும் குலவை போட்டுட்டாங்க. ராசா கண்ணுல தண்ணி ஓடுது, வாயில சிரிப்பு.

மந்திரி நைசா கிட்ட வந்து, குனிஞ்சு, "மகாராசா, தனியா ஒரு வார்த்தை"ன்னு காதுகிட்ட வாயைக் கொண்டு போனான். ராசா தலையைப் பின்னாடி இழுத்துக்கிட்டார். "எதுவா இருந்தாலும் சத்தமாச் சொல்லுங்க, சபைக்குக் கேக்கட்டும்"னார். பன்னெண்டு வருசமாப் பேசினவனுக்குச் சத்தமாச் சொல்றதுக்கு ஒரு வார்த்தை இல்ல. வாயைத் திறந்தான், மூடினான், திறந்தான். காத்துதான் வந்துச்சு.

அவனுக்கு என்ன தண்டனை தெரியுமா? அறுக்கல, அடிக்கல. ஏரிக்கரையில ஏறி நின்னு, ராசா என்ன சொன்னார், தான் என்ன மாத்திச் சொன்னான்னு, ஒண்ணு விடாம ஏழு ஊருக்கும் கேக்குற மாதிரி கூவணும். ஏழாவது ஊரு "கேட்டுச்சு"ன்னு சொன்னாத்தான் கீழ இறங்கலாம். "ராசா கிணறு வெட்டச் சொன்னார், நான் மாளிகை கட்டிக்கிட்டேன்"னு கத்துவான். முதல் ஊர்லயே களை எடுக்கறவங்க இடுப்புல கையை வச்சுக்கிட்டு "கேக்கல"ம்பாங்க. ஒச்சாயி பக்கத்துல நின்னு, "வயித்துலேர்ந்து எடுங்க மந்திரியாரே, தொண்டையை நெரிக்காதீங்க"ன்னு சொல்லிக் கொடுப்பா. அவ என்ன செய்வா, அவளுக்கு அரைகுறை வேலை பிடிக்காது.

ராசா அவளை அரமனையிலயே இருக்கச் சொன்னார். "எனக்குப் பதிலா நீயே பேசு தாயி"ன்னார். "உங்க குரல்தான் உங்களுக்கு வந்துடுச்சே மகாராசா, இன்னொண்ணு எதுக்கு? எனக்கு என் கரை இருக்கு"ன்னுட்டு, முன்னைவிட ஒரு சாண் அதிகமாவே தலையை நிமித்திக்கிட்டு நடந்து வந்துட்டா. வந்து ஏறி நின்னு, "மடை திறந்தாச்சேய்…"ன்னா. ஏழு ஊரும் மம்பட்டியோட ஓடி வந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு அரமனைப் பக்கத்துலேர்ந்து கரகரன்னு ஒரு குரல், "கேட்டுச்சேய்…"ன்னு வந்துச்சாம்.

ஏரித் தண்ணி வயலுக்குப் போச்சு, வாழைத்தோப்பு மந்திரி வெயிலுக்குப் போனான், கதை உங்க காதுக்கு வந்துடுச்சு. இப்ப எல்லாரும் கழுத்துல கையை வச்சு, வாயை மூடிக்கிட்டு, ஒரு உம் கொட்டுங்க. அதிருதா? அது உங்களுது. யாரு வந்து கேட்டாலும் கொடுத்துடாதீங்க.