வலது பக்கத்து இரைச்சல்

"அம்மா, வலது பக்கம் இன்னும் இரையுது," என்றார் வைரவன்.

ஆசிரமத்து அம்மா மைக்குக்கு முன்னால் பாயில் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் பேசியதில் குரல் கம்மிப் போயிருந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன. அடுப்படிப் புகை இந்தப் பக்கம் அடிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் வைரவன்.

"அப்ப நான் இவ்வளவு நேரம் பேசுனது?"

"அது சும்மா சோதனைக்குத்தானேம்மா. அது மேலயே திரும்பப் பதிஞ்சுக்கலாம். நாளைக்கு உட்காருவோம்."

அம்மா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார்.

"சரிண்ணே," என்று எழுந்து போனார்.

இரைச்சல் என்றால் ஊரைக் கூட்டும் இரைச்சல் இல்லை. ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடி, மூச்சையும் பிடித்துக்கொண்டால்தான் கேட்கும். கேட்டுவிட்டால் அப்புறம் வேறு எதுவும் கேட்காது. வைரவனுக்கு அந்த வியாதி பழசு.

சிறுமலை அடிவாரத்தில் நாலு ஓட்டுக் கொட்டகையும் ஒரு கிணறும்தான் அந்த ஆசிரமம். அம்மா ஒரு காலத்தில் பூக்கட்டி விற்றவர். எழுதப் படிக்கத் தெரியாது. வயதிலும் வைரவனுக்கு இளையவர். அதனால்தான் அவரை அண்ணே என்று கூப்பிடுவார். தேடி வருகிறவர்களுக்கு ரெண்டே வார்த்தை சொல்வார். அந்த ரெண்டு வார்த்தையை மடியில் முடிந்துகொண்டு போய், வந்தவர்கள் வருஷக்கணக்கில் பிழைத்துக்கொண்டார்கள்.

வைரவனும் ஒரு கேள்வியோடு வந்தவர்தான்.

காரைக்குடியில் அவர் வீட்டு முகப்பில் ஆளுயர ஸ்பீக்கர்கள் நின்றன. நடுவில் ஒரே ஒரு நாற்காலி. சத்தம் சரியாக வந்து சேரும் இடம் அது ஒன்றுதான் என்பதால் வீட்டில் வேறு யாருக்கும் அங்கே ஆசனம் கிடையாது. ஒரு நாள் ரெக்கார்ட் பிளேயருக்குப் புது ஊசி வந்திறங்கியது. மாதக்கணக்கில் காத்திருந்து வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஊசி. அதைப் பொருத்திவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தார்.

மகன் சொக்கலிங்கம் வந்து ஊசியை வெடுக்கென்று தூக்கினான். ஒடிந்துவிட்டது.

"இந்த ஊசி பெறுவியாடா நீ?" என்றார் வைரவன்.

சொக்கு பைக் சாவியை எடுத்துக்கொண்டு போனான். பைபாஸில் லாரி.

அதற்குப் பிறகு மனைவி அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். வைரவன் பெட்டிகளையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, இங்கே வந்து அம்மாவின் காலடியில் விழுந்தார்.

"நான் சொன்ன சொல்லுதான் அவனைக் கொன்னுச்சாம்மா?"

"இப்ப சொன்னா உங்களுக்குக் கேக்காதுண்ணே. இருங்க," என்றார் அம்மா.

இருந்தார். மாட்டுக் கொட்டகை கூட்டினார், தண்ணீர் இறைத்தார். வருஷா வருஷம் சொக்குவின் திதியன்று அதே கேள்வியைக் கேட்டார். அம்மாவும் அதையே சொன்னார். அந்தப் பதிலுக்காகத்தான் வைரவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். சாவதானாலும் அதைக் கேட்டுவிட்டுச் சாகவேண்டும்.

இப்படி இருக்கும்போது அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுக்க வேண்டும் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். பங்குனி உத்திரம் கழித்து ஆபரேஷன்.

"குரல் போகப் போகுது. பதிஞ்சு வச்சுக்கிறவங்க வச்சுக்கங்க," என்று அம்மா எல்லோரிடமும் சொன்னார்.

சமையல் செய்யும் பேச்சியம்மாள் இடுப்பிலிருந்து செல்போனை உருவினாள்.

"செல்போனா?" வைரவனுக்கு யாரோ செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. "அம்மா குரலைத் தகர டப்பாவுல அடைக்கப் போறியா? உள்ள வை அதை. ஒருத்தரும் செல்போனை நீட்டக் கூடாது. இது எனக்குத் தெரிஞ்ச வேலை, எங்கிட்ட விட்டுடுங்க."

"இது உங்களுக்கு வேணுமாண்ணே?" என்றார் அம்மா.

"எனக்கு எதுக்கும்மா? உங்களுக்காகத்தான்."

அம்மா சிரித்தார்.

முதலில் மைக் வந்தது. அடுத்த தோட்டத்து ஆடு செருமினால்கூட அதில் விழுந்தது. ஆட்டுக்குச் சொந்தக்காரரிடம் போய்ச் சண்டை போட்டார்.

அப்புறம் பழைய காலத்து ஸ்பூல் டேப் மெஷின். புதுசில் குரலின் எலும்பு மட்டும் வரும், சதை வராது என்பது அவர் கட்சி. ஸ்பூல் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒன்றைச் சோதனைக்கு வைத்துக்கொண்டு, இன்னொன்றைப் பிரிக்காமல் பட்டுத்துணியில் சுற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். இரைச்சல் போன பிறகு, அசல் பேச்சுக்கு அது.

அப்புறம் வால்வு ஆம்ப்ளிஃபயர். அதோடுதான் இரைச்சல் வந்தது. இரைச்சலை விரட்ட, கரண்டை வடிகட்டிக் கொடுக்கும் பெட்டி ஒன்று வாங்கினார். இரண்டு ஆள் சேர்ந்து தூக்கி வைத்தார்கள். இரைச்சல் இடது பக்கத்தை விட்டு வலது பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது.

சென்னைக் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"அதையா வாங்குனீங்க? அடடா! முந்தியே எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்," என்றார் அவர். அதை விற்றதே அவர்தான்.

வெள்ளி வயர் வாங்கினார். அதிர்வு ஏறாமல் இருக்கப் பெட்டிகளுக்கு அடியில் வைக்கப் பித்தளைக் கூம்புகள் வாங்கினார். பணத்துக்குக் காரைக்குடி வீட்டில் தன் பங்கைத் தம்பி பேருக்கு எழுதிக் கொடுத்தார். ஒவ்வொன்றும் வந்து இறங்கும்போது "இதோட முடிஞ்சுது" என்பார். அந்த வாரம் தாண்டுவதற்குள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாங்கித் தொலைத்தோமே என்று மனசு அடித்துக்கொள்ளும். அடித்துக்கொண்டே அடுத்ததைத் தேடும்.

அம்மா மட்டும் தினம் வந்து பாயில் உட்கார்ந்தார்.

"என்ன பேசணும்ணே?"

"எதையாவது பேசுங்கம்மா. சோதனைதானே."

அம்மா பேசுவார். வைரவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, திருகைத் திருகிக்கொண்டே இருப்பார். முடித்துவிட்டு அம்மா காத்திருப்பார். வைரவன் தலையை ஆட்டுவார். மறுநாள் அதன் மேலேயே பதிவார்.

ஒரு விடியற்காலை அம்மாவுக்கு மூச்சு முட்டியது. வேனில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோனார்கள். சும்மா பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள், உத்திரத்துக்கு இன்னும் நாள் கிடக்கிறது என்று வைரவன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அம்மா வருவதற்குள் சரி பண்ணிவிட வேண்டும் என்று வயர் வயராகத் தடவிப் பார்த்தார்.

மாட்டுக் கொட்டகையில் ஒரு டியூப் லைட். சினை மாட்டுக்காகப் பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. எதற்கோ அதை அணைத்தார்.

திரும்பி வந்து ஹெட்போனை மாட்டினார். இரைச்சல் நின்றுவிட்டிருந்தது.

வைரவன் அழுதேவிட்டார். ஓடிப்போய்ப் பட்டுத்துணியைப் பிரித்துப் புது ஸ்பூலை மாட்டினார். பாயை உதறிப் போட்டார். வாசலில் போய் நின்றுகொண்டார்.

அந்தி சாய ஆஸ்பத்திரியிலிருந்து தகவல்தான் வந்தது. தாங்காது என்று அன்றைக்கே ஆபரேஷன் செய்துவிட்டார்களாம்.

பங்குனி உத்திரம் அம்மா இல்லாமலே போனது. ஒரு நாள் வேன் வந்து நின்றது. அம்மா இறங்கினார். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. கும்பிட்டவர்களைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு உள்ளே போனார்.

வைரவன் அடுப்படி வாசலில் போய்ச் சரிந்து உட்கார்ந்தார்.

"போச்சு பேச்சி. பாவி நான், ஒரு வார்த்தைகூடப் பதியலையே."

பேச்சியம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "பதியாட்டி என்னங்கய்யா? உங்களுக்குத்தான் எல்லாத்தையும் சொல்லிட்டாங்களே."

"என்னத்தை?"

"தினம் உங்க முன்னாலதானே பேசுனாங்க? அடுப்படியில நின்னா எனக்கே காதுல விழும். ஒரு நாளாவது இப்படி எங்க யாருக்காச்சும் பேசிருக்காங்களா? உங்களுக்குக் கொடுத்துவச்சிருக்குன்னு நெனச்சுக்குவேன்." கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தாள். "உங்க மகன் விஷயமும் ஒரு நாள் சொன்னாங்கள்ல?"

வைரவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"'வைரவண்ணே, நீங்க கேட்டதுக்கு இன்னைக்குச் சொல்றேன், உங்க சொக்கு அன்னைக்கு'ன்னு ஆரம்பிச்சாங்க. பேசும்போதே அவங்களுக்குக் கண்ணு தண்ணியாக் கொட்டுச்சு."

"அப்புறம்? அப்புறம் என்ன சொன்னாங்க பேச்சி?"

"அது உங்க சொந்த விஷயம். நான் நின்னு கேட்டா நல்லாவா இருக்கும்? குடத்தை எடுத்துக்கிட்டுக் கிணத்துப் பக்கம் போயிட்டேன்." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் குரல் இறங்கியது. "ஐயா, நீங்க கேக்கலையா?"

வைரவனால் அங்கே உட்கார முடியவில்லை. ஓடினார். சோதனை ஸ்பூலை மாட்டி ஓட விட்டார். ஆதி முதல் அந்தம் வரை, கடைசிச் சோதனையில் அம்மா ஆடு மாட்டைப் பற்றி ஏதோ பேசியது மட்டும் இருந்தது. அதற்கு அடியில் இருந்ததையெல்லாம் அவரே தன் கையால் அழித்திருந்தார். காது கொடுத்திருந்தால் கேட்டிருக்கும். ஆறு வருஷம் எதற்காகக் காத்துக் கிடந்தாரோ அது எதிரில் வந்து உட்கார்ந்து, அழுதபடி பேசியிருக்கிறது. இவர் வலது பக்கத்து இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

தலையைச் சுவரில் முட்டிக்கொண்டார். பெட்டிகளைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அம்மாவிடம் போய் விழுந்தார்.

"இன்னொரு தடவைம்மா. எப்படியாவது. சைகையிலயாவது."

அம்மா அவர் தலையில் கை வைத்தார். பிறகு எழுந்து, மெஷின் இருந்த அறைக்கு நடந்தார். வைரவன் பின்னாலேயே போனார்.

அம்மா போய் வைரவன் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். ஹெட்போனை எடுத்துத் தன் காதில் மாட்டினார். மைக்குக்கு முன்னாலிருந்த பாயைக் காட்டினார்.

"நானா? நான் என்னம்மா பேச?"

அம்மா மெஷினைத் தட்டிவிட்டார். ஸ்பூல் சுழன்றது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

வைரவன் உட்கார்ந்தார். யாரிடமும் பேசாத பேச்சு என்பதால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"என் மகன் பேரு சொக்கலிங்கம்," என்றார். "சின்னப் பிள்ளையில இடி இடிச்சா ஓடியாந்து என் சட்டைக்குள்ள தலைய விட்டுக்குவான்..."

அம்மா கையைத் தூக்கினார். வலது காதைத் தொட்டுக் காட்டி, உதட்டைப் பிதுக்கினார். திரும்பவும் முதலிலிருந்து என்று விரலைச் சுழற்றினார்.

வைரவன் விழித்தார். மறுபடி ஆரம்பித்தார். "என் மகன் பேரு சொக்கலிங்கம். காலேஜுக்குப் போனப்புறம் நான் அவங்கூட உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லைம்மா. அவன் என்ன படிச்சான்னு கேட்டாக்கூட..."

கை உயர்ந்தது. அம்மா திருகைக் கொஞ்சம் திருப்பினார். தலையை ஆட்டினார். திரும்பவும்.

"ஆஸ்பத்திரியில துணிய விலக்கிக் காட்டுனாங்கம்மா. அந்த முகத்தை நான் அதுவரைக்கும் சரியாப் பார்த்ததே இல்லைன்னு அப்பத்தான்..."

கை உயர்ந்தது.

"அம்மா!" வைரவன் கத்தினார். "நான் என் பிள்ளையைப் பத்திச் சொல்லிக்கிட்டிருக்கேன்மா!"

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. விரல் திருகின் மேலேயே இருந்தது.

"கேளுங்கம்மா! கண்ணைத் திறந்து என்னைப் பாருங்க!"

திறக்கவில்லை. ஸ்பூல் சுழன்றுகொண்டிருந்தது.

வைரவனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தார். இந்தச் சனியனை நிறுத்தினால்தான் அம்மா திரும்பிப் பார்ப்பார். ஒடிந்தால் ஒடியட்டும். மெஷினின் மேல் கையை நீட்டினார்.

நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

அன்று அவரும் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். ஊசி ஒடிந்த சத்தத்தில்தான் திறந்தார். அதற்கு முன்னால் சொக்கு எவ்வளவு நேரம் எதிரே நின்றுகொண்டிருந்தான் என்று அவருக்குத் தெரியாது.

"அம்மா," என்றார் வைரவன். "அவன் எங்கிட்ட என்னமோ சொல்ல வந்திருக்காம்மா."

அம்மா ஹெட்போனைக் கழற்றினார்.