ஒச்சம்மாள் கண்ணைக் கட்டிக்கொண்ட கதை

ஒச்சம்மாளின் கடலைக் கொல்லையைக் காட்டுப்பன்றிகள் கிண்டிக் கிளறிவிட்டன. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், ஈட்டியும் கையுமாக ஜமீன்தாரின் வேட்டைக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தாள். மூன்று நாள் அலைந்தும் ஒரு பன்றி சிக்கவில்லை. அவளுக்கு ஒரே யோசனை. அவர்கள் பதுங்கிய புதருக்கு நாற்பதடி வரைக்கும் வந்த குளம்புத் தடம், அங்கேயே திரும்பி ஓடுவானேன்?

"நாம இருக்கிறது பன்னிக்கு எப்படித் தெரியுது, எசமான்?" என்று கேட்டே விட்டாள்.

ஜமீன்தாருக்குச் சுருக்கென்றது. "முந்தாநாள் வந்தவளுக்குக் கேள்வி வேறயா? பொழுது சாயறதுக்குள்ள நீயே பதில் சொல்லு. இல்லேன்னா ஈட்டியைப் போட்டுட்டு வீட்டுக்கு நட!"

"சரிங்க. என் கண்ணைக் கட்டிட்டுப் பத்துப் பேரும் மூச்சுக் காட்டாம ஒளிஞ்சுக்குங்க. உங்களை மட்டும் கண்டுபிடிக்கிறேன்."

ஜமீன்தார் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் போய் ஒளிந்தார். ஒச்சம்மாள் தட்டுத்தடுமாறி வந்து நேரே அவர் முன்னால் நின்றாள். அவர் இடம் மாறி ஒளிந்தார். மறுபடியும் வந்து நின்றாள்.

"எப்படிடி?"

"ஜவ்வாதுங்க எசமான். வேட்டைக்குப் புதுசான என் மூக்குக்கே எட்டுது. மோந்தே பொழைக்கிற பன்னிக்கு எட்டாதா?"

பழைய வேட்டைக்காரர்கள் ஒன்பது பேரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள்.

"கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு நீங்க மட்டும் காத்து வர்ற பக்கம் நில்லுங்க. நாங்க எதிர்ப்பக்கம் நிக்கிறோம்."

மறுநாள் ஜவ்வாதுக்கு மிரண்ட பன்றி, நேரே ஒச்சம்மாளின் ஈட்டியில் வந்து விழுந்தது. அன்றிலிருந்து வேட்டையில் ஜமீன்தாருக்கு ஒரே வேலைதான்: விடிந்ததும் குளித்து, ஜவ்வாது பூசி, காற்று வரும் பக்கம் போய் நிற்பது.