மூலைப் பெட்டி

உப்பளத்தை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம். அங்கே ஐந்தாம் வகுப்பு ஆசிரியை ஜெசிந்தா. வயது முப்பதைத் தொட்டிருக்கும். நிறைமாதம். வெள்ளிக்கிழமையோடு பேறுகால விடுப்பில் போகிறார்.

அவருடைய வகுப்பை எடுத்துக்கொள்ள வந்தவர் திருமேனி. டீச்சரைவிட ரொம்ப மூத்தவர். சாதாரண ஆளும் இல்லை, பல வருஷங்களாக ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்தவர். ‘பிள்ளைகளைப் பேச வைப்பது எப்படி’ என்ற தலைப்பில் அவர் பேசினால் மின்விசிறியே நின்று கேட்கும் என்பார்கள். கரண்ட் போன நாட்களையும் சேர்த்துச் சொன்னார்களோ என்னவோ.

இப்போது அவரைத் திரும்ப வகுப்பறைக்கு அனுப்பியிருந்தார்கள். கடைசியாகப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றபோது அவர் தலையில் ஒரு நரை கிடையாது. போன மாதம் பக்கத்து ஊர்ப் பள்ளியில் சில நாள் பாடம் எடுத்துப் பார்த்தார். அவர் பேசினார், பிள்ளைகள் கைகட்டிக் கேட்டார்கள். கேள்வி கேளுங்கள் என்றால் பெஞ்சைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். பேச வைப்பதைப் பற்றியே பேசிப் பிழைத்த மனிதருக்கு அந்த அமைதி தாங்கவில்லை. தனக்கு இந்த வேலை வராதோ என்று முதல்முறையாகப் பயந்தார்.

ஜெசிந்தா வகுப்பில் பிள்ளைகள் வாயை மூடுவதே இல்லை என்று ஊரெல்லாம் பேச்சு. அதனால்தான் கௌரவம் பார்க்காமல், ஒரு வாரம் முன்னதாகவே வருகிறேன் என்று கேட்டு வாங்கி வந்தார். தன்னைவிடச் சின்னவரிடம் கற்றுக்கொள்ள வருவதற்கும் ஒரு மனசு வேண்டும்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டார்.

“டீச்சர், உங்க வகுப்புப் பிள்ளைங்க மட்டும் எப்படி இப்படிப் பேசுது?”

“முதல்ல செருப்பைக் கழத்திட்டு அந்தச் சுவத்தோட ஒட்டி நில்லுங்க சார்.”

“எதுக்கு?”

“புதுசா யார் வந்தாலும் பிள்ளைங்க அளந்து வைக்கும். இங்க அதான் வழக்கம்.”

நின்றார். மெலிந்த பெண் ஒருத்தி முக்காலியில் ஏறி, அவர் தலைமேல் அடிமட்டத்தைப் படுக்கையாக வைத்து, சுவரில் பென்சிலால் கோடு போட்டாள். பேர் கேட்டார். அவள் இறங்கிப் போய்விட்டாள்.

“இசக்கியம்மா சார். இந்த வருஷம்தான் சேந்தா. இன்னும் வாயைத் திறக்கல. ஆனா கோடு நேரா போடுவா” என்றார் டீச்சர்.

முன்வரிசையில் இருந்த ஜெனிட்டன் எழுந்தான். வாய் மூடாத வகுப்பிலும் கொஞ்சம் கூடுதலாகப் பேசுகிறவன்.

“டீச்சர், சார் இப்போ இவ்வளவு இருக்காவ. சாயங்காலமும் இவ்வளவுதான் இருப்பாவளா?”

எல்லாரும் சிரித்தார்கள். திருமேனியும் சிரித்தார். டீச்சர் மட்டும் சிரிக்காமல் சாக்பீஸை எடுத்து, கரும்பலகையின் மூலையில் ஒரு பெட்டி வரைந்து, அதற்குள் எழுதினார்: ‘ஒருவருடைய உயரம் காலையிலும் மாலையிலும் ஒன்றுதான்.’

அதுதான் மூலைப் பெட்டி. வாரா வாரம் திங்கட்கிழமை அதற்குள் ஒரு வரி ஏறும். வெள்ளிக்கிழமை கடைசி மணி வரை அதில் யாரும் கை வைக்கக் கூடாது. சரியா தப்பா என்று அவரவர் பார்த்துவிட்டு வர வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று சொன்னால் அது செல்லாது. தானே பார்த்தால்தான் பேச்சு.

‘எவ்வளவு சாமர்த்தியம்! வேண்டுமென்றே ஒரு தப்பை எழுதிப் பிள்ளைகளைத் தேட விடுகிறார்’ என்று திருமேனி மனசுக்குள் மெச்சிக்கொண்டார். ஆனால் இந்த வார வரியில்தான் தப்பு எதுவும் அவர் கண்ணில் படவில்லை. சில வாரம் சரியானதையும் எழுதுவார் போல, என்று விட்டுவிட்டார்.

மீதி நாட்களும் அவரை அசரத்தான் வைத்தன. செவ்வாய்க்கிழமை கணக்கு முழுக்க வெளியே நடந்தது. கொடிக்கம்பத்தின் நிழலைப் பிள்ளைகள் காலால் அளந்தார்கள். அளவு ஒத்துவராமல் ஒருத்தன் காலை ஒருத்தன் பிடித்து இழுத்துச் சண்டை போட்டார்கள். சண்டை முடியும்போது, எல்லாருக்கும் பொதுவாக ஓர் அளவு வேண்டும் என்று அவர்களே கண்டுபிடித்திருந்தார்கள். புதன்கிழமை தெருவில் போகிற யாராவது ஒருவர் வகுப்புக்கு விருந்தாளி. அந்த வாரம் சைக்கிள் கடைக்காரர் மாட்டினார். பஞ்சர் எங்கே இருக்கிறது என்று தண்ணீருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டே மனுஷனை வியர்க்க வைத்துவிட்டார்கள். டீச்சர் எங்கேயும் முன்னால் நிற்கவில்லை. வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஓர் ஓரமாக உட்கார்ந்து, நடப்பதைப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு வகுப்பைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று திருமேனிக்குத் தோன்றியது. தான் எடுத்த பயிற்சிகளில்கூட.

வியாழக்கிழமை டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. திருமேனி தனியாக வகுப்பில் நின்றார்.

மத்தியானம் வரை குறையில்லை. பிள்ளைகள் அவரிடமும் பேசினார்கள். அவருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. கடைசிப் பாடவேளையில் மூலைப் பெட்டியைப் பற்றிச் சண்டை மூண்டது. ஒண்ணுதான் என்று பாதிப் பேர், இருக்காது என்று மீதிப் பேர். சத்தம் பக்கத்து வகுப்பு வரை போனது.

ஜெனிட்டன்தான் கேட்டான். “சார், நீங்க சொல்லுங்க சார். நீங்க டீச்சருக்கெல்லாம் டீச்சராமே.”

அந்தச் சொல் அவருக்கு இனித்தது. இனிக்கத்தானே செய்யும்? சிவப்பு சாக்பீஸை எடுத்தார். பெட்டிக்குப் பக்கத்தில் பெரியதாக ஒரு சரி போட்டார். உயரம் எப்படிக் கூடுகிறது, ஏன் ஒரே நாளில் மாறாது என்று அழகாக விளக்கினார். குரல் பழையபடி கணீரென்று வந்தது. சொல்லி முடித்தபோது சத்தம் அடங்கியிருந்தது.

பிள்ளைகள் கைகட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அமைதியை அவருக்குத் தெரியும். பக்கத்து ஊரில் கேட்ட அதே அமைதி. எங்கிருந்து வந்தது என்றுதான் புரியவில்லை. கடைசி பெஞ்சில் இசக்கியம்மாள் மடியில் வைத்திருந்த ஒரு கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள். அதையும் பார்த்தார். அதுவும் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் டீச்சர் வந்து, பலகையில் இருந்த சிவப்புச் சரியைப் பார்த்தார்.

“ரொம்பச் சண்டை போட்டாங்க டீச்சர். அதான் நானே சொல்லிக் குடுத்துட்டேன்.”

“அப்படியா சார்.”

அவ்வளவுதான். அன்று முழுக்க அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திருமேனிக்கு அதுவே முள்ளாகக் குத்தியது.

கடைசிப் பாடவேளை. எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். டீச்சருக்கு மட்டும் பிள்ளைகள் உட்கார ஒரு மணையைக் கொண்டுவந்து போட்டார்கள். திருமேனியும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“பெட்டியைப் பத்தி யாரு பேசப் போறீங்க?”

யாரும் பேசவில்லை.

“என்ன, ஒருத்தர்கூடவா இல்ல?”

“அதான் சார் சரின்னு சொல்லிட்டாவள்லா டீச்சர்” என்றான் ஜெனிட்டன்.

டீச்சர் திரும்பினார். குரலில் குத்தலே இல்லை. மற்றப் பிள்ளைகளைக் கேட்பதுபோலவே கேட்டார்.

“சார், நீங்க அளந்து பாத்தீங்களா?”

திருமேனியிடம் பதிலுக்கா பஞ்சம்? இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போது எதிரே இசக்கியம்மாளின் கை மெதுவாகப் பைக்குள் போவதைப் பார்த்தார். அந்தக் கை பாதியில் நின்று அவருடைய பதிலுக்குக் காத்திருந்தது. அவருக்கு நேற்றைய அமைதி சட்டென்று புரிந்தது. வெட்கமாக இருந்தது.

“இல்ல டீச்சர். அளக்கல.”

“பின்ன?”

“யாரோ சொன்னதுதான். யாருன்னுகூட ஞாபகம் இல்ல.”

“அப்போ சார் சொன்னது செல்லாது!” என்று ஒரு குரல் எழும்பியது. வகுப்பே கொல்லென்று சிரித்தது. சிரிப்பு ஓயுமுன் இசக்கியம்மாள் எழுந்து நின்றிருந்தாள். கையில் கயிறு. அதில் இரண்டு முடிச்சு, ஒன்றுக்கு ஒன்று ரொம்பப் பக்கத்தில்.

“எங்கம்மா” என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

வாய் மூடாத அந்த வகுப்பு முழுக்க வாயை மூடிக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தது. இந்த அமைதி வேறு என்று திருமேனிக்குத் தெரிந்தது.

“எங்கம்மா அளத்துல உப்புச் சுமக்காவ. காலையில எந்திரிச்சதும் வாசல் நிலையில சாய்ஞ்சு நிக்கச் சொல்லி அளந்தேன். இந்த முடிச்சு. வேலைக்குப் போய்ட்டு வந்தப்புறம் இந்த முடிச்சு.”

மேல் முடிச்சுக்கும் கீழ் முடிச்சுக்கும் நடுவில் ஒரு விரல் அகலம்கூட இருக்காது. ஆனால் இருந்தது.

“கயிறு சுருங்கியிருக்கும்லா?” என்றான் ஜெனிட்டன்.

“அதே கயித்துல காலையில மறுபடி அளந்தேன். மேல் முடிச்சுக்கே வந்துட்டாவ.”

“அசதியில உங்கம்மா கூனிட்டு நின்னுருப்பாவ.”

“முதுகு நிலையில ஒட்டுதான்னு கையை விட்டுப் பாத்தேன். எல்லா நாளும் பாத்தேன்.”

ஒவ்வொரு கேள்விக்கும் அவளிடம் பதில் இருந்தது. வாரம் முழுக்க அவள் வாயைத் திறக்காமல் இதையெல்லாம் தனக்குத்தானே கேட்டிருக்கிறாள். இந்தப் பிள்ளைக்கு முன்னால்தானே நேற்றுச் சரி போட்டோம் என்று திருமேனி நினைத்தார்.

அவராகவே எழுந்தார். செருப்பு ஏற்கெனவே வாசலில்தான் கிடந்தது. திங்கட்கிழமை கோடு போட்ட சுவரில் போய் ஒட்டி நின்றார்.

“வா தாயி. என்னையும் பாரு.”

அவள் முக்காலியில் ஏறினாள். அவர் குதிகாலைச் சுவரில் வைத்து, மார்பை விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நிமிர முடியுமோ அவ்வளவு நிமிர்ந்து நின்றார். அந்த நேரத்திலும் குறைந்துவிடக் கூடாது என்று ஓர் ஆசை இருக்கத்தான் செய்தது. அடிமட்டம் தலையில் அமர்ந்தது. வகுப்பு முழுக்கச் சுவரை மொய்த்தது.

பழைய கோடு அடிமட்டத்துக்கு மேலே தெரிந்தது. நடுவே இன்னோர் அடிமட்டத்தைத் தட்டையாக நுழைக்கலாம். அவ்வளவு இடம்தான்.

“சார் குறைஞ்சிட்டாவ!”

“சார் குறைஞ்சிட்டாவ டீச்சர்!”

கூச்சலில் பக்கத்து வகுப்பு ஆசிரியரே எட்டிப் பார்த்தார். திருமேனி திரும்பித் தன் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். குறைந்து போனதற்கு ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷப்படுவானா என்று கேட்டால், அன்றைக்கு அவர் பட்டார்.

“எங்கம்மா இதவிடக் கூடக் குறைவாவ” என்றாள் இசக்கியம்மாள், முக்காலியில் நின்றபடியே. “சுமக்காவள்லா. ஆனா தூங்கி எந்திரிச்சா சரியாயிருவாவ.”

டீச்சர் அவளிடம் டஸ்டரைக் கொடுத்தார். கண்டுபிடித்தவர்தான் பெட்டியை அழிக்க வேண்டும், அதுவும் வழக்கம். அவள் வரியை அழித்தாள். பெட்டியை அழித்தாள். சிவப்புச் சரிக்கு வந்ததும் தயங்கி, திருமேனியைப் பார்த்தாள்.

“அழி தாயி” என்றார் அவர்.

மணி அடித்தது. பிள்ளைகள் டீச்சரின் கையைப் பிடித்து, வயிற்றைத் தொட்டு, பாப்பாவை அளந்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. திருமேனி டீச்சரின் பையை எடுத்துக்கொண்டு கூடவே நடந்தார்.

“டீச்சர், ஆள் சாயங்காலம் குறைவான்னு உங்களுக்கு முன்னாலயே தெரியும்தானே?”

“தெரியாது சார்.”

“உண்மையாவா?”

“ஒண்ணுதான்னு நினைச்சுத்தான் எழுதினேன்.”

திருமேனி நின்றுவிட்டார்.

“அப்போ வாரா வாரம் ஒரு தப்பைத் தேடிப் பிடிச்சு எழுதலையா?”

“தப்புன்னு தெரிஞ்சா நான் எதுக்கு சார் அதுக்காக வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்கணும்?”

ஆட்டோவில் மெதுவாக ஏறி உட்கார்ந்து, சேலையை ஒதுக்கிக்கொண்டார் டீச்சர். கையோடு வந்துவிட்ட சாக்பீஸ் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். பெட்டி அழிந்த கரும்பலகை ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

“டீச்சர், திங்கக்கிழமை அதுல நான் என்ன எழுத?”

ஆட்டோக்காரர் வண்டியை எடுத்தார். ஜெசிந்தா டீச்சர் தலையை வெளியே நீட்டிச் சொன்னார்.

“உங்களுக்குச் சந்தேகமே இல்லாதது ஒண்ணை எழுதுங்க சார்.”